மூடுபனியில் திசைவேகம்

அளக்க முடிந்ததையெல்லாம் அளந்து, அளக்க முடியாததை அடுத்த தேர்வுக்குத் தள்ளிவைக்கும் இந்த இயற்பியல் மன்றத்தின் தலைவர் அம்மா அவர்களே! என் பேச்சு எப்போது முடியும் என்ற கவலையை முகத்தில் காட்டாமல் மேடையை அலங்கரிக்கும் பேராசிரியப் பெருமக்களே! தலை நரைத்தும் கேள்வி நரைக்காத மூத்தவர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தோடு, பிள்ளை பரிசு வாங்கும்போது கைதட்ட வந்து காத்திருக்கும் தாய்மார்களே! தாய்மார்கள் அழைத்ததால் வந்திருக்கும் தந்தைமார்களே! முடிந்ததும் முதலில் ஓடிவிடலாம் என்று வாசலோரமாகவே இடம் பிடித்திருக்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பு கலந்த வணக்கம்.

வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் என்ன வேறுபாடு? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதைச் சொல்ல இங்கே பட்டம் பெற்றவர்கள் பத்துப் பேர் இருக்க, என்னை ஏன் அழைத்தீர்கள்? நான் துறைமுகத்தில் வயர்லெஸ் அறையில் வேலை பார்ப்பவள். கடலுக்குப் போகும் படகுகளோடு பேசுவது என் தொழில். மேடையில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தீர்கள், கூச்சமாக இருந்தது. கடலில் எனக்கு அந்தப் பெயர் கிடையாது. "கரை, கரை, கேக்குதா?" என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா முறை வைத்துக் கூப்பிடுபவர்களுக்கு நான் கரைக்கா.

என்ன தம்பி, பின்னால் கேட்கவில்லையா? கடலில் கிடக்கும் படகுக்கே கேட்கும் குரல், கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் கோளாறு குரலில் இல்லை, கைப்பேசியில். அதை உள்ளே வையுங்கள், கேட்கும்.

தலைப்புக்கு வருகிறேன். இன்று மாலை உங்கள் கட்டடத்துக்குள் நுழைந்தேன். அரங்கம் எங்கே என்று தெரியவில்லை. கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. தாமதமாகிவிட்டதே என்று விறுவிறுவென நடந்தேன். இந்தத் தாழ்வாரம் இருக்கிறதே, இதைக் கட்டியவர் வாழ்க! வளைந்து வளைந்து போகிறது. ஆய்வகம் தாண்டினேன், நூலகம் தாண்டினேன், பூட்டிய அறைகள் எல்லாம் தாண்டினேன். மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தால் எதிரே அதே வாசல், அதே காவலர். "என்னம்மா, இப்பத்தானே உள்ள போனீங்க?" என்றார்.

மாணவச் செல்வங்களே, இப்போது சொல்லுங்கள். நான் நடந்த வேகம் எவ்வளவு? நல்ல வேகம்! என் மூட்டு சாட்சி! நான் கடந்த தூரம் எவ்வளவு? கட்டடத்தின் சுற்றளவு முழுவதும்! என் இடப்பெயர்ச்சி எவ்வளவு? ஒன்றும் இல்லை. கிளம்பிய இடத்திலேயே நிற்கிறேன். அப்படியானால் என் சராசரித் திசைவேகம்? சுழி! அதோ, முன்வரிசைப் பெண் சரியாகச் சொல்கிறாள். எவ்வளவு விரைவாக என்று மட்டும் சொன்னால் அது வேகம். எவ்வளவு விரைவாக, எந்தப் பக்கம் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அது திசைவேகம். ஒரே வேகத்தில் போகும் வண்டி வளைவில் திரும்பினால் அதன் வேகம் மாறவில்லை, திசைவேகம் மாறிவிட்டது. தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்த ஒற்றைக் கேள்வி, 'எந்தப் பக்கம்' என்ற கேள்வி, ஒரு மனிதரின் உயிருக்கும் சாவுக்கும் நடுவே நின்ற ஒரு காலைப் பொழுதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் வேலை அறையை உங்களுக்குக் காட்டிவிடுகிறேன். துறைமுக அலுவலகத்தின் மாடி. ஒரு மேசை, ஒரு நாற்காலி, மேசைமேல் கடல் வரைபடம், அதன்மேல் ஓர் அளவுகோல். வயர்லெஸ் பெட்டி. தண்ணீர் சுடவைக்கும் கெட்டில். படகுத்துறையைப் பார்த்த ஒரு ஜன்னல், உப்புக் காற்று பட்டுப் பட்டு மங்கிய கண்ணாடி. நாள் முழுக்கக் குரல்கள் வரும். காற்று எப்படி என்று கேட்கும், அலை எப்படி என்று கேட்கும், மீன் விலை என்ன என்று கூடக் கேட்கும். நான் எப்படி என்று எந்தக் குரலும் கேட்காது. கேட்க வேண்டும் என்ற விதியும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கே குரலே கிடையாது. என் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் தூர தேசத்தில் இருக்கிறாள், அவளுக்கு விடியும்போது எனக்குப் பொழுது அடைந்துவிடும். சமைத்து வைத்ததை நன்றாக இருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லாததால், நன்றாகச் சமைப்பதையே விட்டுவிட்டேன்.

ஐயோ பாவம் என்கிறார் ஓர் அம்மா. பாவப்படாதீர்கள் தாயே. இது எனக்கு மட்டும் வந்த நோயா? இந்த அரங்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்துகொண்டு தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொல்லமாட்டேன். தூக்கமாட்டீர்கள் என்று தெரியும்.

எங்கள் கடலில் ஒரு படகுக்காரர் உண்டு. வயர்லெஸில் அவருக்குப் 'பாட்டுக்காரர்' என்று பெயர். அவர் பாடியதாகச் சரித்திரம் இல்லை. அவர் பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும், அதனால் அந்தப் பெயர். முன்பு அந்தப் படகில் இரண்டு பேர். அண்ணன் ஸ்டியரிங், தம்பி வலை. ஓயாமல் பேசுவார்கள், ஓயாமல் ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொள்வார்கள். தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவியின் ஊரிலேயே லாரி ஓட்டப் போய்விட்டார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, முறைப்படி சொல்லிக்கொண்டுதான் போனார். கோபித்துக்கொள்ளக்கூடக் காரணம் வைக்காமல் போய்விட்டார். அடுத்த மாதமே அண்ணன் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கினார், தலையணை அளவுக்குப் பெரியது. அதைப் படகின் பின்பக்கம் கட்டி வைத்தார். அன்றிலிருந்து தம்பி இருந்த இடத்தில் பாட்டு.

ஒரு நாள் காலை மூடுபனி இறங்கியது. எப்பேர்ப்பட்ட பனி! ஜன்னலுக்கு வெளியே படகுத்துறையைக் காணோம், கொடிக்கம்பத்தைக் காணோம். கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிவந்து சேர்ந்தன. பாட்டுக்காரர் மட்டும் வரவில்லை. அவருடைய வழிகாட்டிக் கருவி ஈரம் பட்டு அணைந்துவிட்டது. கைப்பேசிக்கு அந்தத் தொலைவில் சிக்னல் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு வயர்லெஸ், ஒரு திசைகாட்டி, கொஞ்சம் டீசல்.

"கரை, கரை. பாட்டுக்காரன் பேசறேன். கேக்குதா?"

"கேக்குது தம்பி. எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்க்கா. நல்ல வேகத்துல வர்றேன். இந்நேரத்துக்குக் கரை வந்திருக்கணும். வரல."

கவனியுங்கள்! நல்ல வேகத்தில் வருகிறேன் என்கிறார். கடலுக்குப் போகாத நாமும் இதைத்தானே சொல்கிறோம்? எப்படியப்பா இருக்கிறாய் என்றால், ஓடிக்கொண்டிருக்கிறேன் என்கிறோம். எங்கே ஓடுகிறாய் என்று கேட்டால் முறைக்கிறோம்.

நான் கேட்டேன். "எந்தப் பக்கம் வர்றீங்க தம்பி?"

"நேரா மேற்குக்கா. முள்ளவிட்டுக் கண்ணெடுக்காம ஓட்டுறேன்."

எங்கள் கடலில் கரை மேற்கே இருக்கிறது. அவர் சொன்ன வேகம், கிளம்பிய நேரம், மேற்குத் திசை, மூன்றையும் வைத்து, கருவி கடைசியாகக் காட்டிய இடத்திலிருந்து வரைபடத்தில் கோடு போட்டேன். கோடு கரைக்கு மிக அருகில் போய் முடிந்தது. மீட்புப் படகை அனுப்பினேன். அவர்கள் அந்த இடத்துக்குப் போய் சங்கு ஊதினார்கள். "கேக்குதா?" என்றேன். "இல்லக்கா" என்றார். மறுபடி ஊதினார்கள். மறுபடி இல்லை. மீட்புப் படகோட்டி எனக்குச் சொன்னார்: "கரைக்கா, இங்க யாரும் இல்ல. வெறும் தண்ணிதான் இருக்கு."

குரல் என் மேசைமேல் இருக்கிறது, மனிதர் எங்கே என்று தெரியவில்லை. எங்கள் வயர்லெஸ் பெட்டி குரலைக் கொடுக்கும், குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கொடுக்காது. அரைமணி நேரமாக ஒரு மனிதரோடு பேசிக்கொண்டே அவரைத் தொலைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் சொன்னார்: "கரைக்கா, ஒரு சத்தம் கேக்குது. பெரிய கப்பல் ஊதுற மாதிரி."

என் கண் வரைபடத்தில் கப்பல் பாதைக்கு ஓடியது. ஏன் தெரியுமா? பெரிய கப்பல்கள் போகும் பாதை எங்கள் துறைமுகத்துக்கு வெகு தெற்கே இருக்கிறது. மேற்கே போகிறவருக்குத் தெற்கே ஊதும் கப்பல் எப்படிக் கேட்கும்? ஒன்று கடல் இடம் மாறியிருக்க வேண்டும், இல்லையென்றால் முள் பொய் சொல்ல வேண்டும். அந்தப் பனியில், மலை போன்ற சரக்குக் கப்பலின் முன்னால் அந்தச் சின்னப் படகு போய் நின்றால், மோதியது கூடக் கப்பலுக்குத் தெரியாது.

தலைவர் அம்மா மணி அடிக்கிறார். அம்மா, படகு நடுக்கடலில் நிற்கிறது. மீட்டுவிட்டு இறங்கிவிடுகிறேன்!

"தம்பி, திசைகாட்டிகிட்ட இரும்பு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"என்னக்கா சின்னப் பையன்கிட்டக் கேக்குற மாதிரி கேக்குறீங்க? பலகை சுத்தமா இருக்கு."

படகுக்காரர்களுக்கு இது முதல் பாடம். திசைகாட்டி இருக்கும் பலகையில் கத்தி வைக்கமாட்டார்கள், சாவி வைக்கமாட்டார்கள், இடுப்பில் திருப்புளி இருந்தால் அதன் பக்கத்தில்கூட நிற்கமாட்டார்கள். அவரோ கைதேர்ந்தவர். நம்பினேன். நம்பிவிட்டு, ஒன்றைக் கவனித்தேன். எப்போதும் அவர் குரலுக்குப் பின்னால் எங்கோ தூரத்தில் ஒலிக்கும் பாட்டு, அன்று அவர் பேச்சையே அமுக்கிக்கொண்டு ஒலித்தது.

"பாட்டுப் பெட்டி எங்க இருக்கு தம்பி?"

"பின்னாடிதான். எப்பவும் இருக்கிற இடத்துல."

பொய்! பின்னால் இருக்கும் பாட்டு பேச்சை அமுக்குமா? ஒரு மனிதர் தன் உயிர் போகும் நேரத்தில் ஏன் பொய் சொல்வார்? அறிவில்லாமலா? அகந்தையாலா? அவையோரே, எங்கள் வயர்லெஸில் ரகசியம் கிடையாது. ஒருவர் பேசினால் ஊரே கேட்கும். அந்த நேரத்தில் கரைசேர்ந்த படகுகள் எல்லாம் வயர்லெஸைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. அத்தனை ஆண்களும் கேட்கும்போது, பனியைக் கண்டு பயந்து பாட்டுப் பெட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன் என்று எந்த ஆண் சொல்வார்? சாவதற்குத் துணிந்துவிடுவார்கள், தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

நான் அதட்டியிருக்கலாம். அதட்டினால் சாதிப்பார். கெஞ்சியிருக்கலாம். கெஞ்சினால் சிரித்து மழுப்புவார். என்ன செய்வது என்று தெரியாமல்தான் பொத்தானை அழுத்தினேன். அழுத்திய பிறகு என் வாயில் வந்தது வேறு.

"தம்பி, நான் ஒண்ணு சொல்றேன். எங்க வீட்டுல யாரும் இல்ல. ராத்திரி தூங்கும்போது ரேடியோவத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன். என்ன பேசறாங்கன்னுகூடக் கேக்கமாட்டேன். யாரோ பேசணும், அவ்வளவுதான். இல்லன்னா பயமா இருக்கும்."

சொல்லிவிட்டுப் பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். ஊரே கேட்டுவிட்டது. என் காது சுட்டது. பிறகு, முதல் முறையாக, பாட்டு இல்லாமல் அவர் குரல் மட்டும் வந்தது.

"பனி இறங்கினதும் ஒரு மாதிரி ஆயிடுச்சுக்கா. பெட்டியப் பக்கத்துல வச்சுக்கிட்டேன். பலகை மேலதான் வச்சிருக்கேன்."

ஸ்பீக்கருக்குள் என்ன இருக்கிறது மாணவர்களே? சத்தமாகச் சொல்லுங்கள்! காந்தம்! தலையணை அளவுப் பெட்டிக்குள் எவ்வளவு பெரிய காந்தம்! துணைக்கு வைத்த பெட்டிதான் வழியைத் திருப்பியிருக்கிறது.

"படகு திரும்பாம ஸ்டியரிங்கக் கயித்துல கட்டுங்க. கட்டிட்டுப் பெட்டியத் தூக்கிப் பின்னாடி வச்சுட்டு வந்து முள்ளப் பாருங்க."

போனார். வந்தார். "படகு திரும்பவே இல்லக்கா. மேற்குன்னு காட்டினது இப்பத் தென்மேற்குன்னு காட்டுது. நான் இவ்வளவு நேரமும் தென்மேற்கேதான் வந்திருக்கேன்."

அளவுகோலை எடுத்தேன். புதுக் கோடு போட்டேன். வேகம் அதே வேகம், நேரம் அதே நேரம், கோட்டின் நீளம் அதே நீளம். திசை மட்டும் வேறு. முதல் கோடு வீட்டில் முடிந்தது. இரண்டாவது கோடு கப்பல் பாதையின் விளிம்பில் முடிந்தது. வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வேறுபாடு, இயற்பியல் மன்றத்தாரே, அந்த இரண்டு கோட்டு முனைகளுக்கும் நடுவே இருந்த கடல் முழுவதும்!

"எஞ்சின நிறுத்துங்க தம்பி."

"நிறுத்திட்டேன். நின்னுட்டேன்க்கா."

"நீங்க நிக்கல. நீரோட்டம் உங்களத் தெற்க தள்ளிக்கிட்டிருக்கு. நங்கூரத்தப் போடுங்க!"

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைப்பவரையும் ஏதோ ஒன்று எங்கோ கொண்டுபோய்க்கொண்டேதான் இருக்கிறது. கை கால் அசையவில்லை என்பதால் வாழ்க்கை நகரவில்லை என்று அர்த்தமில்லை. இது எனக்கு நன்றாகவே தெரியும்.

நங்கூரம் தரை தொட்டது. மீட்புப் படகைத் தெற்கே திருப்பினேன். அந்த நேரத்தில்தான் அது நடந்தது. கரையில் கட்டியிருந்த படகு ஒன்றிலிருந்து ஒரு குரல்: "பாட்டுக்காரண்ணே, நானும் ஒரு பெட்டி வச்சிருக்கேன். பனி வந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்." இன்னொரு குரல்: "எனக்குப் பாட்டெல்லாம் இல்ல. நான் எஞ்சின்கிட்டப் பேசுவேன்." இன்னொரு குரல், வயதானது: "நான் மீன்கிட்டயே பேசுவேன்டா, அதுங்க எதுத்துப் பேசாது." சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். இத்தனை காலமும் ஒரே அலைவரிசையில் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் காற்றையும் அலையையும் மீன் விலையையும் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தோமே!

பெரியோர்களே! தாய்மார்களே! வேகத்தைத் தெரிந்துகொள்ள எஞ்சின் சத்தம் போதும். பழகிய காது, படகுக்குள் உட்கார்ந்தபடியே சொல்லிவிடும். திசையைத் தெரிந்துகொள்ளப் படகுக்கு வெளியே ஒன்று வேண்டும்! ஒரு நட்சத்திரம் வேண்டும்! ஒரு விளக்கு வேண்டும்! ஒரு குரல் வேண்டும்! எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று கேட்கிறோம், எவ்வளவு மதிப்பெண் என்று கேட்கிறோம், எவ்வளவு சீக்கிரம் முன்னேறினாய் என்று கேட்கிறோம். எல்லாம் வேகம்! எல்லாம் வேகம்! எந்தப் பக்கம் போகிறாய் என்று யார் கேட்கிறோம்? கேட்டால், பதில் வரும்வரை யார் காத்திருக்கிறோம்? முதல் பதில் பொய்யாகத்தான் இருக்கும். நன்றாக இருக்கிறேன் என்பார்கள். பலகை சுத்தம் என்பார்கள். அங்கே எழுந்து போய்விடாதீர்கள்! உங்கள் உண்மை ஒன்றை முதலில் எடுத்து வையுங்கள். அப்புறம் பாருங்கள், வரும்.

மீட்புப் படகு ஊதிய சங்கு அவருக்குக் கேட்டது. "கேக்குதுக்கா! கேக்குது!" என்று அவர் கத்தியதில் என் பெட்டி அதிர்ந்தது. படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். துறைமுக வாயிலுக்குள் நுழைந்ததும், வழக்கப்படி, "கரை, முடிச்சுக்கிறோம்" என்றார்கள். முடிந்தது. பெட்டியில் இரைச்சல் நின்றது. கீழே படகுத்துறையில் ஆளாளுக்கு ஓடும் சத்தம். மீட்கப்பட்டவரைச் சுற்றி எப்போதும் கூட்டம் கூடும், கட்டிப்பிடிப்பார்கள், வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். நான் அந்த முகங்களைப் பார்ப்பதில்லை. நாற்காலியை விட்டு எழக் கூடாது என்பது விதி, அடுத்த குரல் எப்போது வரும் என்று தெரியாதே. கெட்டிலில் தண்ணீர் ஊற்றினேன். வழக்கம்போல ஒரு கோப்பைக்கு ஊற்றினேன். உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிடத் தனிமையான நிமிடம் வேறு இல்லை. ஊருக்கே என் தலைமாட்டு ரேடியோவைச் சொல்லிவிட்டு, பனி மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கரைக்கா!"

பழக்கதோஷம், வயர்லெஸ் பொத்தானை அழுத்தினேன். "சொல்லுங்க, கேக்குது."

"கரைக்கா! இங்க!"

குரல் பெட்டியிலிருந்து வரவில்லை. ஜன்னலுக்குக் கீழேயிருந்து வந்தது. நான் தலையைத் திருப்பினேன். இத்தனை ஆண்டுக் கடல் குரல்களில், நான் தலையைத் திருப்பிப் பார்த்த முதல் குரல் அதுதான். ஜன்னலைத் தள்ளித் திறந்தேன். பனிக்குள் ஈரச் சட்டையோடு ஒருவர் அண்ணாந்து நின்றார், முகம் தெரியவில்லை.

"மேல வர்றேன்க்கா. படி எந்தப் பக்கம்?"

அவையோரே, என்னிடம் வர எந்தப் பக்கம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கையை நீட்டிக் காட்டினேன், பனியில் கை தெரியாது என்று புரிந்து, வாய்விட்டுச் சொன்னேன்.

"இடது பக்கம் தம்பி. இடது பக்கமா வாங்க."

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மணியை இரண்டாம் முறை அடிக்காமல் கையிலேயே பிடித்திருந்த தலைவர் அம்மாவுக்கும், வாசலோரம் உட்கார்ந்தும் எழுந்து போகாத மாணவச் செல்வங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவரையாவது, எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்டுவிட்டுப் போங்கள். கேட்டுவிட்டு நில்லுங்கள். எல்லோருக்கும் கரையின் வணக்கம்.